முதல் அடி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? கஷகானும் லிசாவும்

கடலில் எண்ணெய் கிடைத்தால் அடுத்த கேள்வி: எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டிவிட்டுத் திறப்பதா, சிறிதாகத் தொடங்கி வளர்ப்பதா?

காஸ்பியன் கடலில் உள்ள கஜகஸ்தானின் கஷகான் எண்ணெய் வயல் 2000-ல் கண்டுபிடிக்கப்பட்டது. காகிதத்தில் அங்கும் படிப்படியாக வளர்க்கும் கட்டங்கள் உண்டு. ஆனால் முதல் கட்டத்தின் இலக்கே நாளுக்கு 3,70,000 பீப்பாய். குளிர்காலத்தில் உறையும் ஆழமற்ற கடல், செயற்கைத் தீவுகள், உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த வாயு, முடிவெடுக்கும் மேசையில் பல நிறுவனங்கள். 2013 செப்டம்பரில் எண்ணெய் வந்தது. சில வாரங்களிலேயே வாயுக் குழாய் கசிந்தது. பற்றவைத்த இடங்களை ஒட்டி எஃகு இறுகியிருந்தது, அங்கேதான் சல்பைடு விரிசலை உண்டாக்கியது. ஏறக்குறைய 200 கி.மீ. குழாயை மாற்றி மறுபடி திறக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. ஒரு பற்றவைப்பின் தரம் மூன்று வருடத்தை விழுங்கியதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தென் அமெரிக்க நாடான கயானாவின் கடலில் லிசா எண்ணெய் வயல் 2015-ல் கிடைத்தது. 2017-ல் முதலீட்டு முடிவு, 2019 டிசம்பரில் எண்ணெய். பழைய டேங்கர் ஒன்றை, கடலிலேயே எண்ணெய் எடுக்கும் உற்பத்திக் கப்பலாக மாற்றி, நாளுக்கு 1,20,000 பீப்பாயோடு நிறுத்திக்கொண்டார்கள். 2022-ல் வந்த இரண்டாவது கப்பலின் திறன் 2,20,000. 2023-ல் பக்கத்து பயாரா வயலுக்கு வந்த மூன்றாவது, பெரும்பாலும் இரண்டாவதன் நகல். கப்பலைக் கட்டும் எஸ்.பி.எம். நிறுவனம், ஒப்பந்தம் கையில் வருவதற்கு முன்பே ஒரே அச்சிலான கப்பல் உடல்களுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறது. நேரம் மிச்சமாவது அங்கேதான்.

லிசாவின் எண்ணெயில் கஷகான் அளவுக்கு விஷமில்லை, கடலும் உறைவதில்லை. அதைக் கணக்கில் எடுத்த பிறகும் என் ஓட்டு லிசா வழிக்குத்தான். முதல் அடி சிறிதாக இருந்தால் தவறும் சிறிதாகவே வெளிப்படும். பாடம் அடுத்த கப்பலுக்குப் போகும்.

பெரிய அடி எப்போதும் சறுக்கும் என்றில்லை. நார்வேயின் யோஹான் ஸ்வெர்ட்ரூப் வயலின் முதல் கட்டத்துக்கு 12,300 கோடி குரோனர் மதிப்பிட்டிருந்தார்கள். சுமார் 8,300 கோடியில் முடிந்தது. ஆனால் வட கடல் அவர்களுக்குப் பல்லாண்டு பழக்கம், எண்ணெய் எடுக்கும் கடல் மேடைகள் வந்து சேர்வதற்கு முன்பே எட்டு உற்பத்திக் கிணறுகளைத் தோண்டியும் வைத்திருந்தார்கள். கஷகானில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை.