குளிர்கால சப் சர்ஃபிங்: வெட்சூட்டா, டிரைசூட்டா?

சப் என்பது பலகைமேல் நின்றுகொண்டு துடுப்பு போடும் விளையாட்டு; அதிலேயே அலைபிடிப்பது சப் சர்ஃபிங். குளிர்காலத்திலும் அந்தப் போர்டைக் கீழே வைக்க மனமில்லாதவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். வெட்சூட் (உடம்போடு ஒட்டிய, உள்ளே கொஞ்சம் நீர் புகும் ரப்பர் உடை) போதும் என்பது ஒரு கட்சி. டிரைசூட் (உள்ளே நீரே புகாத தொளதொள உடை) இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதே என்பது இன்னொன்று. இருவரும் அடித்துக்கொள்வது பெரும்பாலும் எது அதிகக் கதகதப்பு என்பதைப் பற்றித்தான். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குவேன். விழுந்து பத்து நிமிடம் ஆன பிறகும் உங்கள் விரல்கள் துடுப்பைப் பிடிக்குமா, லீஷை (போர்டை உடம்போடு பிணைக்கும் கயிறு) அவிழ்க்குமா, போர்டில் ஏறக் கை ஊன்றுமா? அதற்கு உதவுகிற உடைதான் நல்ல உடை.

நின்றுகொண்டு துடுப்பு போடுபவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. படுத்து அலைபிடிக்கும் சர்ஃபர் பாதி நேரம் தண்ணீரிலேயே கிடக்கிறார். தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது என்பதை அவர் உடம்பு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சப்பில் நிற்பவரோ தண்ணீருக்கு மேலே இருக்கிறார், உழைக்கிறார், வியர்க்கிறார். “இவ்வளவு தடிமன் எதற்கு?” என்று தோன்றிவிடும். அந்த எண்ணம் விழும்வரைதான் செல்லும். தண்ணீர், காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் உடல் சூட்டைக் கடத்துகிறது.

உடலில் என்ன நடக்கிறது என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று மூன்று எண்களில் அடக்கியிருக்கிறார். பனிபோல் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாம் எல்லோரும் பயப்படுவது அந்தக் கடைசி எண்ணுக்கு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் இரண்டு. விழுந்த கணத்தில் தன்னையறியாமல் வாய் பிளந்து மூச்சை இழுப்போம். அப்போது தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். இந்த அதிர்ச்சிக்கு ஆற்றில் பனிக்கட்டி மிதக்க வேண்டும் என்றில்லை. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அது வேலையைக் காட்டும். 10 டிகிரிக்கு வருவதற்குள் உச்சத்தைத் தொட்டுவிடும்.

இதனால்தான் ‘120 விதி’ எனக்குப் பிடிப்பதில்லை. காற்றின் வெப்பமும் நீரின் வெப்பமும் ஃபாரன்ஹீட்டில் கூட்டி 120-க்கு மேல் வந்தால் குளிர் உடை வேண்டாம் என்கிறது அது. காற்று 75, தண்ணீர் 50 என்று வையுங்கள். கூட்டினால் 125, பாஸ். ஆனால் 50 ஃபாரன்ஹீட் என்பது 10 டிகிரி செல்சியஸ். மேலே இதமான வெயில், கீழே மூச்சை அடைக்கும் தண்ணீர். உடையைத் தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், வானத்தைப் பார்த்து அல்ல.

வெட்சூட்

உள்ளே புகும் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்ற விளக்கம் பாதிதான் சரி. காப்பது நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்ட கோடிக்கணக்கான வாயுக் குமிழ்கள். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் பிடித்துக்கொண்ட சூட்சுமமே இதுதான்: துணியில் குமிழ் இருந்தால் போதும், உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை. உள்ளே தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குளிர்ந்த புதுத் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால் எந்தத் தடிமனும் காப்பாற்றாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவு, அதற்குப் பிறகுதான் மில்லிமீட்டர். இடுப்புக்குப் பின்னால், அக்குளில், கழுத்தில் பை விழுந்து தொங்கினால் அந்த சூட் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம்.

தடிமனுக்கு ஒரு தோராயக் கணக்கு: தண்ணீர் 12 முதல் 16 டிகிரி என்றால் 4/3; 8 முதல் 12 என்றால் தலைமூடியோடு (தலையையும் காதையும் மூடும் ரப்பர் குல்லா) 5/4; அதற்கும் கீழே 6/5. பெரிய எண் நெஞ்சுக்கும் முதுகுக்கும், சின்ன எண் கை கால்களுக்கு. சப் ஆட்களில் பலர் இதில் ஒரு படி குறைத்து வாங்குகிறார்கள். தோள் அசைவுக்காக என்றால் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அதிகம் விழாதவர் என்பதற்காக என்றால் இல்லை. விழாதவர் விழும் நாள்தான் கணக்கில் வரும்.

சப்பில் நிற்பவருக்கு இன்னொரு எதிரி காற்று. துணி ஒட்டிய நியோபிரீன் தண்ணீரைப் பிடித்துவைக்கும். காற்று அதை உலர்த்தும்போது சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். நெஞ்சிலும் முதுகிலும் மழமழ ரப்பர் வைத்த சூட்டில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். படுத்தபடி கையால் துழாவும் சர்ஃபருக்கு நெஞ்சு போர்டில் உரசும் என்பதால் இந்த ரப்பர் சீக்கிரம் தேயலாம். நமக்கு அந்தக் கவலை குறைவு. நகம் பட்டால் கிழியும், அது ஒன்றுதான் குறை. தையல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: பசையிட்டு, ஊசி மறுபக்கம் துளைக்காமல் தைத்து, மேலே திரவ ரப்பர் பூசியதாக இருக்கட்டும்.

டிரைசூட்

இதற்கென்று சூடு கிடையாது. தண்ணீர் புகாத, ஆனால் வியர்வை ஆவியை வெளியே விடும் படலத் துணி. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான லேடெக்ஸ் பட்டை. நீர் புகாத ஜிப். சூடு தருவது உள்ளே போடும் ஃபிளீஸ் அல்லது கம்பளி. இதுவே இதன் பெரிய பலமும். ஒரே சூட்டை மார்கழிக் குளிரிலும் போடலாம், பங்குனியிலும் போடலாம். மாற்றுவது உள்ளே போடும் உடையை மட்டும். கரையேறியதும் சூட்டைக் கழற்றினால் காய்ந்த உடையோடு நிற்பீர்கள். ஈர ரப்பரை உரித்தபடி காற்றில் நடுங்கும் கூத்து இல்லை. நீண்ட தூரம், அமைதியான ஏரி, எப்போதாவது ஒருமுறை விழுவது என்ற கணக்கில் டிரைசூட்டை அடிக்க ஆளில்லை.

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே ஈரமாக உட்கார்ந்துகொள்ளும். துணி மூச்சுவிடும் என்று நிறுவனங்கள் சொல்வதும் ஓரளவுக்குத்தான்; வேகமாகத் துடுப்பு போட்டால் உள்ளே ஈரம் சேரத்தான் செய்யும். போட்டதும் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு ஊதிய பலூனாக மிதப்பவர்களை எங்கும் பார்க்கலாம்.

ஆனால் அலைக்குள் கதை மாறுகிறது. ஒரு மணி நேரத்தில் இருபது முறை விழுந்து எழுகிறவருக்குத் தொளதொளத் துணி தண்ணீரில் இழுக்கும், நீச்சலை மந்தமாக்கும். வெட்சூட்டின் ரப்பர் தானே கொஞ்சம் மிதக்கும். டிரைசூட்டின் மிதப்பு உள்ளே மிச்சமிருக்கும் காற்றைப் பொறுத்தது.

நாசூக்காகச் சொல்ல வழியில்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. குளிரில் கை கால் ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். சிறுநீரகம் அதை உபரி நீர் என்று எண்ணி வெளியே தள்ளும். சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். வெட்சூட் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. டிரைசூட் வாங்குபவர் அதற்கென்று தனி ஜிப் வைத்ததாகப் பார்த்து வாங்கவும்.

எது எப்படித் தோற்கும்?

என் முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். வெட்சூட் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கும். முட்டியில் கிழிந்தால் முட்டி குளிரும். பழசானால் முன்பைவிட அரைமணி சீக்கிரம் கரைக்கு வருவீர்கள். டிரைசூட் ஒரேயடியாகத் தோற்கும். லேடெக்ஸ் பட்டை கிழிந்தாலோ, ஜிப்பை இரண்டு விரற்கடை மூடாமல் விட்டாலோ, நனைந்த ஃபிளீஸோடு குளிர்நீரில் கிடப்பீர்கள். தண்ணீர் நிறைந்த சூட் ஆளை மூழ்கடிக்காது. நீருக்குள் நீருக்கு எடையில்லை. ஆனால் போர்டில் ஏற முயலும்போது அத்தனை லிட்டரையும் தூக்க வேண்டும்.

ஆகவே உடைகிற அலையில் சப் சர்ஃபிங் என்றால் தலைமூடி சேர்ந்த, உடம்போடு ஒட்டிய வெட்சூட். அலைக்கு வெளியே நெடுந்தூரம் போகிறவர், ஏரியிலும் கழிமுகத்திலும் துடுப்பு போடுபவர், அல்லது உள்ளதிலேயே குளிரான நீருக்குப் போகிறவர் என்றால் டிரைசூட். அதுவும் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கசிவு பார்க்கப் பொறுமை உள்ளவராக இருந்தால். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு எந்த நீரிலும் வெட்சூட்தான்.

கை, கால், தலை

ஐந்து விரல் கையுறையா, விரல் சேர்ந்த மிட்டனா? மிட்டன் அதிகச் சூடு. ஆனால் உள்ளங்கையில் ரப்பர் தடித்தால் துடுப்புத் தண்டை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்; முன்கை சோர்ந்துபோகும். 3 மி.மீ. கையுறை, உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாக இருந்தால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். மிட்டன் கடுங்குளிருக்கு மட்டும். கயாக் ஓட்டிகள் துடுப்பிலேயே மாட்டிவைத்து உள்ளே கையை நுழைக்கும் உறைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். சப்புக்கு அது ஒத்துவராது. நாம் பக்கம் மாற்றும்போதெல்லாம் மேல் கை கீழே வரும், கீழ் கை மேலே போகும்.

பாதம் ஒரே இடத்தில் ஊன்றி நிற்பதால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. இறுக்கமான 7 மி.மீ. பூட்டைவிடத் தளர்வான 5 மி.மீ. பூட் சூடாக இருக்கும். சூட்டின் கால்முனை பூட்டுக்கு மேலே வரட்டும். உள்ளே சொருகினால் ஒவ்வொரு முறை விழும்போதும் பூட் தண்ணீர்க் குடமாகிவிடும்.

உடல் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பது கட்டுக்கதை. அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் தலைமூடியை நான் விடமாட்டேன், காரணம் காது. ஒரு காதுக்குள் குளிர்நீர் சட்டென்று புகுந்தால் உள்காதின் சமநிலை உறுப்பு குழம்பி உலகமே சுற்றும். நின்று ஓட்டும் விளையாட்டில் அது பெரிய ஆபத்து. வருடக்கணக்கில் குளிர்நீரும் காற்றும் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து அடைக்கும் தொல்லையும் உண்டு. தனித் தலைமூடி வசதி. சூடு ஏறினால் கழற்றலாம். ஆனால் அலையில் கழுத்து இடுக்குவழி தண்ணீர் நுழையும். சேர்ந்ததே மேல்.

மிதவையும் லீஷும்

அலைப்பகுதி, நீச்சல் பகுதிக்கு வெளியே சப்பும் ஒரு படகுதான் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-இல் வகைப்படுத்தியது. மிதவை உடை அங்கே கட்டாயமாயிற்று. இடுப்பில் கட்டும் ஊதல் பெல்ட்டைப் பலர் விரும்புகிறார்கள், உறுத்தாது என்பதால். கோடைக்கு நல்லதுதான். குளிர்நீரில் மூச்சு வாங்கும் அந்த முதல் நிமிடத்தில், கையுறை போட்ட விரலால் கயிற்றை இழுத்து, ஊதியதைத் தலைவழியே மாட்ட வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு, நீங்கள் ஒன்றும் செய்யாமலே மிதக்கவைக்கும் நுரை வெஸ்ட்தான் என் தேர்வு. உடையும் அலையில், அடியில் முங்கித் தப்ப வேண்டியிருப்பதால், பருமன் குறைந்த வெஸ்ட்டாக இருக்கட்டும்.

லீஷைப் பொறுத்தவரை அலைக்குக் கணுக்காலில் நேரான லீஷ். சுருள் லீஷ் போர்டை நம்மீதே வில்போல எறியும். அது அமைதியான நீருக்கு. ஓடும் ஆற்றில் இரண்டும் கூடாது: இழுத்தால் கழன்றுவிடும் இடுப்பு லீஷ் மட்டுமே. குளிர்கால மழையில் ஆறு பெருகியிருக்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்ஃபோர்டுவெஸ்டில், மழையால் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் ஒரு சப் குழு சிக்கி நால்வர் இறந்தார்கள்.

காற்றடைத்த போர்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி அறையில் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்து 5 டிகிரி நீரில் இறக்கினால் அழுத்தம் சுமார் 12.5-க்கு இறங்கிவிடும். போர்டு நடுவில் தொய்யும், நீங்கள் விழுவீர்கள். பத்து நிமிடம் நீரில் கிடக்கவிட்டு மறுபடி அடியுங்கள்.

பழக்கமும் கரையேறுதலும்

உடையைப் போலவே உடம்பையும் தயார்செய்யலாம். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்றோரின் ஆய்வுகளின்படி, குளிர்நீரில் இரண்டிரண்டு நிமிடமாக ஐந்தாறு முறை இறங்கினாலே முதல் அதிர்ச்சி பாதியளவு குறைகிறது. கரையோரத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, இதய நோய் இல்லாதவர்கள் மட்டும்.

கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் நிற்கும் உடம்பே பாய்மரம் ஆகிவிடும். முட்டி போடுங்கள், போதாவிட்டால் படுத்துத் துடுப்பு போடுங்கள். போனை உறையில் போட்டு உடம்பில் கட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் வைத்துப் போர்டில் கட்டினால், போர்டு போகும்போது அதுவும் போய்விடும்.

கரையேறியதும் உடனே சுடுநீர்க் குளியலா, உலர்ந்த உடையா? உலர்ந்த உடைதான், மேலிருந்து கீழாக: முதலில் தொப்பி, பிறகு மேலாடை, பிறகு மற்றவை. வெளியே வந்த பிறகும் அரைமணி நேரம்வரை உட்புற வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கொதிக்கும் நீரை ஊற்றினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து மயக்கம் போடும். இனிப்பான சூடான பானம் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். நடுக்கம் நிற்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.