டைமிங் பெல்ட் மாற்றிவிட்டோம் என்றார்கள்: குறைவாக ஓடும் டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

‘டைமிங் பெல்ட் கிட், வாட்டர் பம்ப்’ என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் தாளில் எழுதி என்னிடம் பணம் வாங்கி 15 மாதம் கழிந்தது. (டைமிங் பெல்ட் என்பது இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாமல் இயங்க வைக்கும் ரப்பர் பெல்ட்.) அதன் பிறகு இன்ஜின் கவரைத் திறந்து பார்த்தால், ஃபேக்டரியில் போட்ட பழைய பெல்ட் அப்படியே இருக்கிறது. இந்த 15 மாதமும் அந்த வண்டியில் என் அம்மாவையும் எட்டு வயது மகளையும் உட்கார வைத்து ஈசிஆரில் ஓட்டியிருக்கிறேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வேறு யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் வண்டி 2016 மாடல் அபார்த் புன்டோ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபியட் 2015 அக்டோபரில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹாட் ஹாட்ச், அதாவது சின்ன உடம்பில் வேகமான இன்ஜின் வைத்த கார், இது. பார்க்கச் சாதாரண புன்டோ போலத்தான் இருக்கும், உள்ளே 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ இன்ஜின், 145 குதிரைசக்தி. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 16 இன்ச் அலாய், 5 கியர், கையால்தான் போட வேண்டும். பத்து லட்சத்துக்குள் அப்படி ஒரு வண்டி அன்றைக்கு வேறு இல்லை. காலேஜ் படித்த நாளிலிருந்து எனக்கு ஃபியட் பைத்தியம்.

2022 ஆகஸ்டில் அடையாறில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். மகனுக்காக வாங்கியிருக்கிறார், மகன் வெளிநாடு போய்விட்டான். மீட்டரில் 18,200 கிலோமீட்டர். அந்த எண் உண்மைதானா என்று நான் பார்க்காத இடமில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு வருஷமும் எழுதிய கிலோமீட்டரையும், இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது எடுத்த மீட்டர் போட்டோவையும் ஒப்பிட்டேன். டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும். நான்கு டயரும் 2016. கிளட்ச் பெடல் ரப்பர் தேயவில்லை, ஸ்டியரிங் தோல் பளபளக்கவில்லை, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கவில்லை. பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆறு வருஷத்தில் 18,200 கிலோமீட்டர் என்றால் மாசத்துக்கு 250தான். பெரும்பாலான நாள் வண்டி நின்றிருக்கிறது. கடற்காற்றில், அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில். நின்ற வண்டிக்குத் தேய்மானம் கிடையாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரப்பருக்கு அப்படி இல்லை. டயர், ஹோஸ், டைமிங் பெல்ட் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருஷக் கணக்கு ஒன்று. எது முந்துகிறதோ அதுதான் செல்லும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இறக்கத்தில் நாலு தடவை பிரேக் மிதித்துச் சூடான பிறகு, பிரேக் சரியாகப் பிடிக்காதபோதுதான் தெரியும். திருவான்மியூரிலிருந்து தரமணி வரைக்கும் போய்வந்தால் இன்ஜின் ஆயில் முழுச்சூட்டுக்கே வராது. உள்ளே படியும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லை. அதனால் 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் வருஷம் ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் 2023 ஜூனில் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று நானே கேட்டுப் போனேன். வண்டிக்கு அப்போது ஏழு வயது.

புன்டோ வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த கஷ்டம், இப்போது யாரிடம் விடுவது என்பதுதான். ஃபியட் வண்டி விற்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. நகரத்தில் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். பெயர் எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. வாசலில் ஸ்கோடா, போலோ, ஒரு ஃபியட் லீனியா எல்லாம் நின்றன. மேனேஜர் நம் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “அபார்த்தா சார்? இந்த இன்ஜின் எங்களுக்கு அத்துப்படி” என்றார். பார்ட்ஸ் புனேயிலிருந்து வர வேண்டும், நான்கு நாள் ஆகும் என்றார். அதை நம்பினேன். புன்டோ தயாரானது புனே பக்கத்து ரஞ்சன்காவ்னில் என்பதால் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

நான்காம் நாள் மாலை வாட்ஸ்அப்பில் குரல் செய்தி: “பெல்ட் வேலை முடிஞ்சுது சார், வந்து எடுத்துக்கலாம்.” கூடவே ஒரு போட்டோ, பெல்ட் கிட் அட்டைப்பெட்டி. போனேன். தாளில் இருந்தது இவ்வளவு: டைமிங் பெல்ட் கிட் 14,500, வாட்டர் பம்ப் 6,200, கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) 1,800, பிரேக் ஆயில் 1,100, இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 5,400, லேபர் 9,000. மொத்தம் 38,000 ரூபாய். தாளின் தலைப்பில் சின்ன எழுத்தில் ‘எஸ்டிமேட்’ என்றிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய பெல்ட்டையும் பம்ப்பையும் கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போட்டுட்டாங்க சார், முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்போம்.” ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன். விடும்போது 20,871. நான் எடுத்து ஓட்டிவந்த 9 கிலோமீட்டரைக் கழித்தால், அவர்களிடம் இருக்கும்போது 72 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன் செய்தேன். “பெல்ட் மாத்தினா லாங் டெஸ்ட் டிரைவ் போகணும் சார், அப்பதான் சவுண்ட் தெரியும்.” ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் பார்த்தால் இரண்டாம் நாள் மதியமே வண்டி டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. பார்ட்ஸ் இன்னும் வரவில்லை என்று அவர்களே சொன்ன நாள் அது. பெல்ட்டே வராதபோது எந்தப் பெல்ட்டுக்கு டெஸ்ட் டிரைவ்? அந்தக் கேள்வி அன்றைக்கே எனக்குள் எழுந்தது. டர்போ வண்டி, பையன்களுக்கு ஆசையாக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் விடாமல் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

2024 செப்டம்பர், ஒரு ஞாயிறு காலை. மகாபலிபுரம் போகிறோம். முட்டுக்காடு பாலம் தாண்டிக் கோவளம் நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால் பெல்ட் பக்கமிருந்து கூலன்ட் சொட்டுகிறது. ரோட்டில் ஒரு வளையமாகத் தண்ணீர். அம்மாவையும் மகளையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு டோவிங் வண்டிக்காக இரண்டு மணி நேரம் நின்றேன்.

இந்த முறை பழைய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவில்லை. சந்தேகப்பட்டதால் அல்ல, ஞாயிற்றுக்கிழமை அங்கே விடுமுறை, அவ்வளவுதான். தெரிந்தவர் சொல்லி, ஃபியட் பாலியோ கார் வந்த காலத்திலிருந்து ஃபியட் மட்டுமே பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனது. சின்னக் கொட்டகை, இரண்டு பேர். “வாட்டர் பம்ப் லீக்” என்றார். “மாத்தி ஒரு வருஷம்தான் ஆகுதுண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டி-ஜெட்டில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப்பைத் தொட வேண்டுமானால் கவரைக் கழற்றிப் பெல்ட்டை எடுத்தே ஆக வேண்டும். கழற்றினார். டார்ச்சை என் கையில் கொடுத்து, “தம்பி, நீங்களே பாருங்க” என்றார்.

பெல்ட்டின் முதுகில் நுண்ணிய வெடிப்புகள் வரிவரியாக. ஓரத்தில் நூல் பிரிந்து நிற்கிறது. அதில் அச்சிட்ட எழுத்து மங்கலாக இருந்தாலும் வருஷம் படிக்க முடிந்தது: 2016. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பம்ப்பைச் சுற்றி எட்டு வருஷத்து அழுக்கு ஒரே தோலாகப் படிந்திருந்தது. பிறகு பிரேக் பக்கம் போனார். நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயில் வெளியேற்றும் நிப்பிளின் ரப்பர் மூடியைக்கூட யாரும் தொடவில்லை. “இன்ஜின் ஆயில் மட்டும் மாத்தியிருக்காங்க. கூலன்ட்ல தண்ணி கலந்து ரொப்பியிருக்காங்க. வேற எதையும் தொடல.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: “இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை முட்டும். இன்ஜினோட மேல்பகுதி, ஹெட்டே போயிடும். நூறுல போகும்போது அறுந்திருந்தா...” அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பல இரவு யோசித்தேன். மீட்டர்தான் காரணம். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரரிடம் இந்த வேலை நடக்காது. செய்யாத வேலை ஆறு மாசத்தில் ரோட்டில் தெரிந்துவிடும், அவர் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார். என் வண்டி வருஷத்துக்கு 1,600 கிலோமீட்டர் ஓடுகிறது. பெல்ட் அறுவதற்கு இன்னும் மூன்று நான்கு வருஷம்கூட ஆகலாம். அப்போது பில்லும் இருக்காது, கேரண்டியும் இருக்காது, நான் வண்டியை விற்றிருக்கவும் கூடும். வாங்கினவன் தலையில் விடியும். வண்டியை விடும்போதே “ரொம்பக் கம்மியா ஓடியிருக்கே சார்” என்று அந்த மேனேஜர் சந்தோஷப்பட்டதன் அர்த்தம் இப்போது புரிகிறது. பார்ட்ஸ் அரிது, விலை யாருக்கும் தெரியாது, வண்டி மேல் உயிரையே வைத்திருக்கும் ஆள் கேட்ட பணம் கொடுப்பான். நம்மைப் போன்றவர்களைப் பற்றி அவர்கள் போடும் கணக்கு இது.

ஆகவே பெல்ட் வேலைக்கு வண்டியை விடுபவர்கள், விடுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: பழைய பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் எனக்கு வேண்டும். வாயால் சொன்னால் போதாது. முடிந்தால் கவர் திறந்திருக்கும்போது நேரில் போய் நில்லுங்கள். அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. போக முடியாவிட்டால், புது பெல்ட் இன்ஜினில் மாட்டிய நிலையில், மீட்டரும் தெரியும்படி ஒரே வீடியோவாகக் கேளுங்கள். பெட்டி போட்டோ எதற்கும் சாட்சி இல்லை. என் வண்டியில் மேல் கவரைக் கழற்றினாலே பெல்ட்டின் ஒரு பகுதி தெரியும். வண்டியை எடுக்கும்போது அதைக் கழற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காட்டத் தயங்கினால் பணம் கொடுக்காதீர்கள். ‘எஸ்டிமேட்’ என்றிருக்கும் தாளுக்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். விடும்போதும் எடுக்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்களையும் பாருங்கள்.

அவர்களிடம் திரும்பப் போனேன். மேனேஜர், “அது எஸ்டிமேட்தான் சார், பில் இல்லையே” என்றார். குரல் செய்தியைப் போட்டுக் காட்டியதும், அதை அனுப்பிய பையன் இப்போது வேலையில் இல்லை என்றார். 38,000-ல் 10,000 தருகிறேன், விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஒர்க்‌ஷாப் பதில் தரவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ், அதற்குப் பின் 2025 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பலர் வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். மனுவை நாமே எழுதி, நாமே வாதாடலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அண்ணன் பெல்ட், டென்ஷனர், பம்ப், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் புதிதாகப் போட்டு 33,000 வாங்கினார். ஒவ்வொன்றையும் மாட்டும்போது போன் செய்து வரச் சொன்னார். பழைய பெல்ட்டை பாலிதீன் பையில் போட்டு, கழற்றிய தேதியும் 22,914 என்று கிலோமீட்டரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆணையத்தில் வந்து சொல்லவும் தயார் என்கிறார். கடையை ஒரு நாள் மூட வேண்டியிருக்குமே என்றேன். “மூடிக்கலாம் தம்பி” என்றார். அந்தப் பை இப்போது என் மேசை இழுப்பறையில், வழக்குக் காகிதங்களோடு இருக்கிறது.