நாய்க்கு வாந்தி, பேதி: வீட்டில் பார்ப்பதா, மாத்திரை வாங்குவதா, ஹெப்பாலுக்குப் போவதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு நாய் வாந்தி எடுத்தால் போதும், கேட் அருகே நாலு பேர் கூடிவிடுவார்கள். தயிர் சோறு போடுங்க என்பார் ஒருவர். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுங்க, நின்றுவிடும் என்பார் இன்னொருவர். எதிர்வீட்டு அக்கா மட்டும் ஹெப்பால் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்பார். இந்த யோசனைகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் அதனதன் நேரம் உண்டு. மாத்திரை யோசனையை மட்டும் எந்த நேரத்திலும் என்னால் ஏற்க முடியவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முதலில் நாயைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கருப்பிக்கு ஆறு வயது, நாட்டு நாய். போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மஞ்சள் நுரையாக இரண்டு தடவை கக்கினாள். நான் செய்தது இதுதான்: மேலுதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி ரோஸ் நிறமாக வேண்டும். அவளுக்கு ஆனது. ஈறு கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். அடுத்து, தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டேன், உடனே படிந்தது. அப்படியே கூடாரம் போல நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மூக்கு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதால் பயன் இல்லை. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதே சரி. நாய்க்கு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்கிற அளவு அதற்குச் சாதாரணம்.

வளர்ந்த நாய், ஒன்றிரண்டு வாந்தி அல்லது தண்ணியான மலம், ஆனால் வால் ஆட்டுகிறது, தண்ணீர் குடித்தால் உள்ளே நிற்கிறது. இந்த நிலையில் ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது க்ளினிக்குக்கு ஓடுவதை விட நல்லது. வாந்தி நின்ற பிறகு ஆறேழு மணி நேரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டுத் திரும்பக் கக்கும். அப்புறம் குழைய வடித்த சோறும், எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழியும் சிறு சிறு உருண்டையாக, நாளுக்கு நாலைந்து வேளை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. தயிர் சோறு? வாந்தி அடங்கியபின் ஒரு ஸ்பூன் வெறும் தயிர் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். தாளித்த தயிர் சோறு வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம்.

குட்டிக்கு இந்தப் பட்டினிக் கணக்கு பொருந்தாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் பேதியுமாக இருந்தால் பார்வோ (குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்) இல்லை என்று தெரியும்வரை பார்வோ என்றே நினைத்து, உடனே கிளம்ப வேண்டும்.

இப்போது மெடிக்கல் மாத்திரை. செலவு குறைவு, கடை பக்கத்திலேயே இருக்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் அது முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் வயிற்று வலிக்கு என்று கொடுக்கும் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான். பேதியை நிறுத்தும் லோப்பராமைடு, கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் காரணத்தால் மூளைவரை பாதிப்பைக் கொண்டுபோகும். விஷத்தைத் தின்றுவிட்ட நாய்க்கு அந்த மாத்திரை விஷத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். ஆன்டிபயாடிக்கும் சாதாரணப் பேதிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இத்தனைக்கும் மேல், மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோமே, அந்த ஓர் இரவுதான் பறிபோகிறது.

வீடியோவில் டாக்டரிடம் பேசுவது நடுவாந்தரமான வழி. கிளம்ப வேண்டுமா, காத்திருக்கலாமா என்று கேட்க அது நன்றாக உதவும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ முடியாது, அவ்வளவுதான்.

கிளம்பியே ஆக வேண்டும் என்றால் பகலில் எனக்கு ஹெப்பால்தான். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1958இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும், தனியாரை விடச் செலவு குறைவு. ஒரு நாயை மாணவர்களும் பேராசிரியரும் சேர்ந்து பார்ப்பதால் கேள்விகள் நிறையக் கேட்பார்கள். எனக்கு அது பிடிக்கும். உண்ணிக் காய்ச்சலும் பசியின்மை, வாந்தி, கறுப்பு மலம் என்று வயிற்றுக்கோளாறு மாதிரியே வரும், ஈறு வெளுத்திருக்கும். ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில்தான் அது பிடிபடும். வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பதும், மேக்ரி சர்க்கிள் நெரிசலில் ஆட்டோ நகராது என்பதும் குறைகள். நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரவிலும், சில நிலைமைகளில் பகலிலும், 24 மணி நேரத் தனியார் மருத்துவமனை வேண்டும். செலவு கூடும், ஆனாலும் தயங்கக் கூடாத ஒரு நிலை இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போல மார்பு ஆழமான பெரிய நாய், வாந்தி எடுக்க முயன்று முயன்று வெறும் எச்சில்தான் வருகிறது, வயிறு பலூன் மாதிரி உப்புகிறது, ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவிக்கிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்திலேயே உயிர் போகும், அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. பக்கத்தில் எங்கே அறுவை சிகிச்சை நடக்குமோ அங்கே, கிளம்பும்போதே போன் செய்துவிட்டுப் போக வேண்டும். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் வெளியேறுவது, வெளுத்த ஈறு, எலி மருந்தையோ சாக்லேட்டையோ திராட்சையையோ தின்ற சந்தேகம், இவற்றுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே கொல்லும்.

எங்கே போனாலும் மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியைப் போட்டோ எடுங்கள், தின்றதன் கவரையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் மறக்காதீர்கள்.

கருப்பி மறுநாள் காலை சோறு கேட்டாள். எதிர்வீட்டு அக்காவின் மூன்று மாதக் குட்டிக்குப் பரிசோதனையில் பார்வோ என்று வந்தது. ஐந்து நாள் டிரிப்ஸுக்குப் பிறகுதான் வீடு திரும்பியது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அக்கா தரையைத் துடைத்தார், பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கழுவினார். மண் தரையில் அந்த வைரஸ் பல மாதம் கிடக்கும் என்பதால், தடுப்பூசி போடாத குட்டிகள் எதையும் இந்த வருஷம் அந்த முற்றத்தில் விடுவதில்லை என்று எங்கள் தெருவில் பேசி வைத்திருக்கிறோம்.