33 இன்ச் டயர், பெயின்ட் அடித்த பழைய ஷாக்: மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் தார் வைத்துக்கொண்டு பெரிய டயர் போடலாம் என்று நினைப்பவர்கள், கடையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் வாங்கிக்கொண்டு, என் வண்டியில் இருந்த கம்பெனி ஷாக் அப்சார்பருக்கே பெயின்ட் அடித்து, புது கிட் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வண்டியில்தான் என் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போனார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் ஏமாற்றிய விதத்தை எழுதத் தடையில்லை. வேறு கடையிலும் இதே வேலை நடக்கலாம்.

என்னுடையது டீசல் மேனுவல், 2020-இல் வந்த புது மாடல் தார். கம்பெனி டயர் 255/65 ஆர்18, உயரம் கிட்டத்தட்ட 31 இன்ச். காட்சிக்காக நான் பெரிய டயர் கேட்கவில்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. வாய்க்கால் கரையை ஒட்டிப் போகும் மண்தடம் டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் குழிந்து, நடுவில் மேடு தட்டி நிற்கும். மழைக்காலத்தில் சக்கரம் குழியில் இறங்கினால் நடுமேடு பின் டிஃபரன்ஷியலில் (பின் ஆக்ஸிலின் நடுவே தொங்கும் கியர் உருண்டை) இடிக்கும். அதே வண்டியில்தான் கோவைக்கும் போக வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவையாவது வால்பாறை ஏற வேண்டும். தோப்புக்கும் ஆக வேண்டும், தார் ரோட்டுக்கும் ஆக வேண்டும். கடைக்காரரிடம் முதலில் சொன்னதே இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் செட்) போட்டால் வண்டி முழுக்க உயரும் என்று கடைகளில் சொல்வார்கள். உயர்வது பாடியும் சேசிஸும்தான். பின்னால் இருப்பது திட ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே தண்டு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் கூடுதல் உயரத்தில் பாதிதான் கிடைக்கும். 33 இன்ச் என்று விற்கும் 285/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 831 மில்லிமீட்டர், கம்பெனி டயருடையது 789. ஆக, டிஃபரன்ஷியலுக்கு அடியில் கிடைப்பது 21 மில்லிமீட்டர். டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் பண்ணுவதுதான் லிஃப்டின் வேலை. இதை எனக்கு அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை. பிறகு வேறு ஆட்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கொட்டேஷனில் எல்லாம் தெளிவாக இருந்தது: இரண்டு இன்ச் லிஃப்டுக்கு நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக், முன்சக்கரத்தை மேலே பிடிக்கும் அப்பர் கன்ட்ரோல் ஆர்ம், 17 இன்ச் அலாய் வீல், புது 33 இன்ச் டயர் ஐந்து, வீல் அலைன்மென்ட், ஸ்பீடோமீட்டர் திருத்தம். பேச்சும் தேனாக இருந்தது. “டெய்லி ஓட்டறதுக்குத்தானுங்ணா நாங்க செட் பண்ணித் தர்றோம். ஃபேமிலியோட போறீங்கல்ல, ஒரு குறையும் வராதுங்ணா.” வண்டியை எடுக்கும்போது கையில் கொடுத்த பில்லில் இருந்தது ஒரே வரி: ஆக்சஸரீஸ், 1 செட். கேட்டதற்கு, “எல்லாம் இம்போர்ட்டட் ஐட்டமுங்ணா, ஒவ்வொண்ணா போட்டா டேக்ஸ் ஏறிக்கும். வாரண்டி எல்லாம் நம்ம கணக்குல இருக்குங்ணா” என்றார். பார்வைக்கு வண்டி அட்டகாசமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. வீல் ஆர்ச்சுக்குள் தெரிந்த ஷாக் எல்லாம் புத்தம் புது மஞ்சள் நிறம், மேலே ஸ்டிக்கர்.

குறைகள் தோப்பில் தெரியவில்லை. தார் ரோட்டில்தான் தெரிந்தன. பொள்ளாச்சி–கோவை நால்வழிச்சாலையில் 80-ஐத் தொட்டதும் வண்டி இடமும் வலமும் அலைய ஆரம்பித்தது. பக்கத்தில் லாரி கடந்தால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராக வராது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் முழுசாக ஒடித்தபோதே டயர் உள்ளே எதிலோ உராயும் சத்தம். இறங்கும்போது பிரேக் மிதித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் எனக்கே கூடுதலாகத் தெரிந்தது. டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. கடையில் கேட்டால், “பெரிய டயர் போட்டா அது அப்படித்தானுங்ணா எரியும்.”

அது பொய். பழைய அலாய்க்குள் இருந்த சென்சாரைக் கழற்றிப் புது அலாயில் மாட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஸ்பீடோமீட்டர் திருத்தமும் நடக்கவில்லை. டயர் விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. முள் 80 காட்டினால் வண்டி ஓடுவது 84-இல். ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும், அதனால் சர்வீஸ் தள்ளிப்போகும், மைலேஜ் கணக்கும் தப்பும். ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டபோது எனக்கு இது புரிந்தது.

உண்மை முழுக்க வெளிவந்தது பொள்ளாச்சியில், அலைன்மென்ட் பார்க்கும் ஒரு பெரியவரிடம். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துச் சிறிது நேரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் முன் ஷாக்கில் ஒரு கீறு கீறினார். மஞ்சள் பெயின்ட் உரிந்தது, அடியில் கறுப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் கம்பெனி பார்ட் நம்பர் லேபிளின் ஓரம் தெரிந்தது. “இங்க வந்து பாரு கண்ணு. இது உன் வண்டியோட வந்த ஷாக்குதான்.” எனக்குக் கை நடுங்கியது. பணத்துக்காக மட்டும் இல்லை.

புது ஸ்பிரிங் எதுவும் இல்லை. கம்பெனி காயில் ஓவருக்கு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) மேலே ஒரு அலுமினிய வட்டு வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஸ்பேசர் என்பது இதுதான். தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் ஒரு ஆர்ம். காயில் ஓவருக்கு மேலே ஒரு இன்ச் வைத்தாலே சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு இன்ச் உயர்ந்துவிடும், அதனால் வேலை மலிவு. ஆனால் அப்பர் ஆர்ம் கம்பெனி ஆர்மாகவே இருந்தால், சக்கரம் கீழே தொங்கும்போது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட் அதன் எல்லைக்கே போய்விடும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்டும் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டும். என் வண்டியில் இடது பக்க சிவி பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, கிரீஸ் சுற்றிலும் தெறித்திருந்தது. இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் ஜாயின்டே போயிருக்கும். பால் ஜாயின்ட் மலையில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. வண்டி அலைந்ததற்கும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. உயர்த்தியதில் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங்கை நேராக இழுக்கும் சாய்வு) குறைந்துவிட்டது, டோவும் (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) தப்பு. அலைன்மென்ட் செய்ததாகச் சொன்னார்களே தவிர ரிப்போர்ட் தரவில்லை. செய்திருந்தால் மிஷினே ஒரு தாளைக் கக்கும்.

அலாயின் ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) சரியாக இல்லாததால், டயர் உள்ளே இடிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் இன்னொரு ஸ்பேசரைச் செருகியிருந்தார்கள். கொட்டேஷனில் அது இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டின் நீளம் அதே பழைய நீளம்தான், ஆகவே நட்டு ஒருசில புரிதான் பிடித்திருந்தது. ஸ்டட் எவ்வளவு தடிமனோ அந்த அளவு ஆழமாவது நட்டு ஏற வேண்டும் என்றார் பெரியவர். உரசல் சத்தத்தைத் தவிர்க்க மட்கார்டின் உள் லைனரையும் சூடான பிளேடால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓட்டை வழியே சேறு வயரிங் கனெக்டர் வரை போயிருந்தது.

அடுத்தது டயர். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் டயர் செய்த தேதி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். என் டயர் நான்கிலும் அந்தப் பக்கம் உள்ளே பார்க்க மாட்டப்பட்டிருந்தது. வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது மூன்றில் 3518, ஒன்றில் 1117. புது டயர் என்று எனக்கு விற்றபோது அவற்றுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது. ஓடாத டயர்தான், பட்டன் முழுசாக இருந்தது. ஆனால் ரப்பர் காய்ந்து, பட்டன்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்புகள். இந்தியாவில் விற்கும் டயரில் இருக்க வேண்டிய ஐஎஸ்ஐ முத்திரை ஒன்றிலும் இல்லை. ஈரமான தார் ரோட்டில் பிடிப்பு இல்லாமல் போனதற்குக் காய்ந்த ரப்பரும் ஒரு காரணம்.

ஐந்தாவது டயர் வரவே இல்லை. பின்கதவில் தொங்கியது பழைய 31 இன்ச் ஸ்டெப்னிதான். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் சிறிதாக இருந்தால் நேர் ரோட்டிலேயே டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நிலையில் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் இழுத்து, இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். காட்டில் பஞ்சர் ஆகி ஸ்டெப்னி போடுபவன் ஃபோர் வீலை நம்பித்தானே வெளியே வர வேண்டும்?

சட்ட விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் பொய் சொன்னார்கள். ஆரம்பத்திலேயே கேட்டேன், ஆர்டிஓவில் பிரச்சினை வராதா என்று. வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐயின் சான்றிதழ் என்று ஒரு தாளைக் காட்டி, “அப்ரூவல் இருக்குதுங்ணா, ஆர்சில ஏத்தித் தர்றது எங்க பொறுப்பு” என்றார்கள். பிறகு வக்கீல் படித்துப் பார்த்துச் சொன்னார், அது டயருக்கோ சஸ்பென்ஷனுக்கோ உரியதே இல்லை, ஏதோ ஒரு விளக்கின் சோதனை அறிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்சி விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபட்டால் தண்டனை வண்டிக்காரருக்கு. மீனாட்சிபுரம், கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகிறவர்களுக்குத் தெரியும், கேரள மோட்டார் வாகனத் துறை இதில் எவ்வளவு கறார் என்று. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதும் இதைத்தான். முன் ஆக்ஸிலுக்கு வாரண்டி கேட்டபோது சர்வீஸ் சென்டரில் முடியாது என்றார்கள். அந்த ஸ்பேசரைப் பார்த்த பிறகு அவர்கள் வேறு என்ன சொல்ல முடியும்?

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் பையன் மாற்றி மாட்டிவிட்டான் என்றார்கள், பிறகு அந்தப் பையனே வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். என் பழைய அலாயும் டயரும் கேட்டேன், விற்றுவிட்டோம் என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் என்று நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில், “இதுக்கு மேல பேசணும்னா பில்லக் காட்டுங்ணா” என்றார் முதலாளி. அந்த ஒற்றை வரி பில் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. புகாருக்கு உயிர் கொடுத்தது வாட்ஸ்அப்பில் இருந்த கொட்டேஷனும், ஜிபே பணப்பதிவும், லிஃப்டில் எடுத்த படங்களும்தான்.

ஆகவே எந்தக் கடையாக இருந்தாலும், கிட்டின் பார்ட் நம்பர், டயரின் அளவு, தயாரிப்புத் தேதி எல்லாம் ஜிஎஸ்டி பில்லில் தனித்தனி வரியாக வர வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வண்டியை விடவே விடாதீர்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் தேதியைப் படம் எடுங்கள். கழற்றிய ஸ்பிரிங், ஷாக், அலாய் அத்தனையும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வண்டி கைக்கு வந்த அன்றே, அந்தக் கடைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வண்டியைச் சரிசெய்வதற்கு முன் பொறியாளர் ஒருவரிடம் ஆய்வறிக்கை வாங்குங்கள். சரிசெய்துவிட்டால் சாட்சியம் போய்விடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே பேசவும் செய்யலாம்.

என் வண்டி இப்போது கம்பெனி உயரத்துக்கே திரும்பிவிட்டது. அதே 255/65 ஆர்18 அளவில் ஆல் டெரைன் டயர் போட்டிருக்கிறேன், தோப்புத் தடத்தின் நடுமேட்டை ஜேசிபி வைத்து வழித்துவிட்டோம். மஞ்சள் பெயின்ட் ஷாக் நான்கும் வக்கீல் சொன்னபடி பத்திரமாக இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் யாராவது “ஆக்சஸரீஸ், 1 செட்” என்று பில் வாங்கியிருந்தால், இன்றைக்கே டயரின் உள்பக்கத் தேதியையும் ஷாக்கின் பெயின்டுக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். என் வண்டியில் இருந்தது போலவே இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்கு முன் சேர்ந்தே கொடுக்கலாம்.