நைட்ரோ 5-க்கு எஸ்எஸ்டி: புனலூர் போய் வந்த கதை

2019-இல் வாங்கிய ஏசர் நைட்ரோ 5 லேப்டாப் என்னுடையது. ஒன்பதாம் தலைமுறை ஐ5 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். நான் ஆடும் கேம்களுக்கு அந்த கிராபிக்ஸ் கார்டு இன்றும் போதும். ஆனால் ஆன் செய்தால் விண்டோஸ் நிதானத்துக்கு வரவே மூன்று நிமிடம் ஆகும். ஜிடிஏ 5 கேம் திறக்க இன்னொரு மூன்று நிமிடம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். விற்றுவிட்டுப் புதிது வாங்கு என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் எங்கள் ஊர்ப்பக்கக் கடை ஒன்றில் கேட்டேன். "எம்.2 எஸ்எஸ்டிதானே தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். எம்.2 என்பது லேப்டாப்புக்குள் நேரே செருகும் மெல்லிய கார்டு வடிவம். தங்க நிற முனையில் இரண்டு வெட்டு. அது பெரும்பாலும் சாட்டா என்ற பழைய இணைப்பு வகை, நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது ஒரே வெட்டுள்ள, அதைவிட வேகமான என்விஎம்இ வகை. அவர் சொன்ன விலைக்கு அதுவே கிடைக்கும். வாங்குபவர்கள் அந்த முனையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் செங்கோட்டையில் ரயிலேறி, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் தாண்டிப் புனலூர் போனேன். நண்பன் சொன்ன சின்னக் கடை. அங்கிருந்த சேட்டன் விலை பேசவே இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து மாடல் எண்ணைப் பார்த்தார். "முதல்ல ஸ்லாட்டைப் பாக்கலாம், அப்புறம் வாங்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே இவ்வளவு தூரம் வந்தது சரி என்று பட்டது.

அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினார். பிறகு டபிள்யூடி ப்ளூ எஸ்என்570 என்ற 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியை ஸ்லாட்டில் போட்டார். சாய்வாகச் செருகினால் கார்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். அதை அழுத்திப் பிடிக்க அரிசிமணி அளவு திருகு ஒன்று வேண்டும். என் லேப்டாப்பில் அது இல்லை, எஸ்எஸ்டி டப்பாவிலும் இல்லை. தன் மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, விரல் நுனியால் பிடித்து, மெதுவாக முடுக்கினார். இந்த இடத்தில் டேப் ஒட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் பசை இளகினால் கார்டு மேலே எழும்பிவிடும்.

விண்டோஸை நானே பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட்டேன். ஆறு வருடக் குப்பையைக் குளோன் செய்து, அதாவது அப்படியே நகலெடுத்து, கொண்டுவர விருப்பமில்லை. 1 டிபிக்குப் பதில் 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் கணக்கிடும் முறை அப்படி.

இப்போது பவர் பட்டனை அமுக்கிப் பதினைந்து நொடியில் டெஸ்க்டாப். ஜிடிஏ முப்பத்தைந்து நொடியில் திறக்கிறது. எஃப்பிஎஸ், அதாவது ஆட்டத்தில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு, மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஆட்டம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்பதற்காக மட்டும் எஸ்எஸ்டி வாங்கினால் ஏமாற்றம்தான். காத்திருந்து சலித்தவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எஸ்எஸ்டிக்கு ஐந்து வருட வாரண்டி, அல்லது அதில் மொத்தம் 600 டிபி எழுதும் வரை, எது முன்னால் வருகிறதோ அது. தினமும் 100 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொடப் பதினாறு வருடம் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க் அதே இடத்தில் இருக்கிறது. தங்கச்சி கல்யாண வீடியோ முழுக்க அதில்தான்.