போர்தோவில் 'இக்ரெக்' கிளாஸ் கணக்கில் கேட்கிறீர்களா? பாட்டிலைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்

போன மாதம் பிரான்சின் போர்தோவில் ஒரு ரெஸ்டாரண்டில் 'இக்ரெக்' என்ற வெள்ளை ஒயினைக் கேட்டு ஏமாந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஷத்தோ திகெம் என்ற திராட்சைத் தோட்டம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது இனிப்பு ஒயின்தான். போர்தோ ஒயின்களுக்கு 1855இல் போட்ட தரவரிசையில், சோத்தெர்ன் பகுதியின் இனிப்பு ஒயின்களில் அதற்கு மட்டும் தனி முதலிடம் கொடுத்தார்கள். அதே தோட்டத்தில் 1959இல் இனிப்பில்லாத, அதாவது 'ட்ரை' வெள்ளை ஒயின் ஒன்றும் செய்யத் தொடங்கினார்கள். செமியோன், சோவின்யோன் பிளாங் என்ற இரண்டு திராட்சைகளின் கலவை. லேபிளில் பெரிதாக 'ஒய்' எழுத்து இருக்கும். பிரெஞ்சில் அதை 'இக்ரெக்' என்பார்கள், ஒயினுக்கும் அதுவே பெயர். ஒரு முறையாவது ருசி பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மெனுவில் ஒரு கிளாஸ் 42 யூரோ என்று இருந்ததும் கேட்டுவிட்டேன்.

வெயிட்டர் உள்ளேயே ஊற்றி எடுத்து வந்தார். கிளாஸைத் தொட்டாலே விரல் சில்லிட்டது. அவ்வளவு குளிரில் எந்த ஒயினும் வாசனை காட்டாது. சரி, குளிர் விடட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் வந்தது, வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாசனை. வாயில் தண்ணீர் மாதிரி, கொஞ்சம் புளிப்பு. செமியோன் தரும் அந்தக் கனம் நாக்கில் துளியும் தங்கவில்லை. திறந்து பல நாளான பாட்டிலோ, வேறு ஒயினோ, எதுவானாலும் அது அந்த விலைக்கு உரியது அல்ல.

பாட்டிலைக் காட்டுங்கள் என்றேன். "அது கடைசி கிளாஸ் மேடம், பாட்டிலைத் தூக்கிப் போட்டாயிற்று" என்றார். நான் விடவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு காலி பாட்டில் வந்தது. லேபிள் சரிதான். ஆனால் அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை, கழுத்தெல்லாம் தூசி. சற்று முன் ஊற்றிய பாட்டில் அப்படியா இருக்கும்? அதற்குள் மேனேஜர் வந்து, "ட்ரை ஒயின் பழகாதவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்" என்றார். போன பணத்தைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது.

பணம் கட்டிய பிறகுதான் பில்லைப் பார்த்தேன். 'வெள்ளை ஒயின், 1 கிளாஸ்'. பெயரும் இல்லை, வருடமும் இல்லை. மெனுவையாவது போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

தயவுசெய்து பாட்டிலை மேசைக்கே கொண்டுவந்து உங்கள் கண்முன் ஊற்றச் சொல்லுங்கள். எப்போது திறந்தது என்றும் கேளுங்கள். இக்ரெக் லேபிளில் பகுதியின் பெயர் 'போர்தோ' என்றுதான் இருக்கும். சோத்தெர்ன் என்ற பெயர் இனிப்பு ஒயினுக்கு மட்டுமே உரியது. 'ட்ரை சோத்தெர்ன்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பிரெஞ்சு அரசின் சிக்னால்கோன்சோ தளத்தில் பில்லை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.