மலைக்காட்டுப் பட்டாம்பூச்சிப் பதிவுகள்: ஐநேச்சுரலிஸ்டா, பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியாவா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த பட்டாம்பூச்சிப் படங்களை எங்கே ஏற்றலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பெயர் கண்டுபிடிக்க பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா தளம், பதிவு போட, பார்த்த உயிரினங்களை யாரும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளம். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபின் என் பதிவுகளை ஐநேச்சுரலிஸ்டில்தான் வைத்திருக்கிறேன்.

இரண்டும் இலவசம், இரண்டிலும் படம்தான் ஆதாரம்.

பெயர் காண்பதில் பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியாவுக்கு ஈடு இல்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கிருஷ்ணமேக் குந்தே குழுவினர் நடத்தும் தளம் இது. பல இனங்களுக்குச் சிறகின் மேல்பக்கம், அடிப்பக்கம், ஆண், பெண், புழு, உணவுச்செடி எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். காமன் கிராஸ் யெல்லோவா, த்ரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோவா என்ற குழப்பத்தில் முன்சிறகின் அடிப்பக்கப் புள்ளிகளை எண்ண வேண்டும்; பல படங்களை ஒரே இடத்தில் பார்த்தால்தான் அந்தக் கண் பழகும். புஷ்பிரவுன் என்ற பழுப்புநிறப் பட்டாம்பூச்சிகள் இன்னும் கடினம். மழைக்காலத்தில் தெளிவாக இருக்கும் கண்புள்ளிகள் வறண்ட மாதங்களில் மங்கி, சிறகே சருகு போல ஆகிவிடும். படத்தைப் பார்த்துத் தானே பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்டின் தானியங்கிப் பரிந்துரை தடுமாறுவது இங்கேதான். அங்கே பெயரில் இரண்டு பேர் ஒத்துப்போனாலே 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை கிடைத்துவிடும். புஷ்பிரவுன் விஷயத்தில் அந்த முத்திரையை மட்டும் வைத்து நான் நம்புவதில்லை.

பிறகு ஏன் ஐநேச்சுரலிஸ்ட்? இடம். வரைபடம் என்று வந்துவிட்டால் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். இடையில் நேர்க்கோட்டுத் தூரம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் முட்காடு, ஆற்றோரக் காடு, சோலைக்காடு என்று அடுக்கடுக்காக மாறுகிறது, பட்டாம்பூச்சிகளும் மாறுகின்றன. கிரிம்சன் ரோஸ் சமவெளியிலேயே சாதாரணமாகத் தெரியும். நீலகிரி டைகர் மலை ஏறினால்தான். 'நீலகிரி மாவட்டம்' என்று மட்டும் எழுதிய பதிவு எந்த உயரத்தைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியாவில் படத்தின் கீழே ஊர், மாவட்டம், மாநிலம் தெரியும். ஐநேச்சுரலிஸ்டில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, அந்தப் புள்ளி எத்தனை மீட்டர் பிசகலாம் என்ற துல்லிய வட்டமும் சேர்ந்தே பதிவாகிறது. பத்து வருடம் கழித்து ஒருவர் அந்தப் புள்ளியின் உயரத்தைக் கணக்கிட்டு, ஓர் இனம் மலையில் மேலே நகர்கிறதா என்று பார்க்க முடியும். பதிவுக்குத் திறந்த உரிமம் கொடுத்திருந்தால், ஆய்வுத் தரம் பெற்றதும் அது ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய உயிரினத் தரவுத்தளத்துக்கும் போய்விடும்.

இந்த வசதியைப் பலர் தாங்களே கெடுத்துக்கொள்வது 'இடம் மறை' தேர்வால். அதைத் தேர்ந்தெடுத்தால் பொதுவில் தெரிவது 0.2 டிகிரி கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி. நம் பகுதியில் அது பக்கத்துக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உள்ள சதுரம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட அது பெரிது. ஆபத்தில் இருக்கும் இனங்களுக்குத் தளமே தானாக மறைக்கிறது. சாதாரண இனங்களைத் திறந்தே வையுங்கள்.

ஜிபிஎஸ் இல்லாத கேமரா என்றால், அதே இடத்தில் நின்று மொபைலிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள், இடம் தானாக ஒட்டிக்கொள்ளும். அடர்ந்த மரநிழலில் மொபைலும் பல மீட்டர் தள்ளிக் காட்டும், ஆனால் மலைச்சரிவில் உயர அடுக்கைக் கண்டுகொள்ள அது போதும்.

புழு, கூட்டுப்புழுப் பதிவுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றோடு உணவுச்செடியையும் சேர்த்து ஆவணப்படுத்த விரும்புகிறவர்களுக்கு பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியாவே பொருத்தமாக இருக்கலாம்.